இன்னும் கொஞ்சம் கறுப்பு

கொழும்பில் என் படங்களைக் காட்சிக்கு வைத்த மண்டபத்தின் பொறுப்பாளர் மிகவும் மரியாதையான மனிதர். திறப்புக்கு இரண்டு நாள் முன்பு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் சற்று இருட்டாக இருக்கின்றன, அச்சில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாமா என்று கேட்டார். முகங்கள் தெரியவில்லையாம்.

"எனக்குத் தெரிகிறதே," என்றேன்.

அவர் சிரித்தார். வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்றார். வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும், கண் பழகிவிடும் என்றேன். அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் அவர்கள் வராமலே இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வாய் பொல்லாதது. அது எனக்கே தெரியும். ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் முழுவதும் அவருக்குரியது அல்ல. அவர் கேட்ட அந்த வேலையை, முகத்துக்கு வெளிச்சம் கூட்டுகிற வேலையை, ஐந்து வருடம் சம்பளத்துக்குச் செய்தவள் நான். எங்கள் ஊரில் பாதிப் பேரை என் கையாலேயே வெளுத்திருக்கிறேன்.

ஆரையம்பதியில், பெரிய தெருவோரம், வாவிப் பக்கமாக இருந்தது அந்த ஸ்டூடியோ. முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வேலை பழக்கித் தந்தவர். படம் பிடிப்பது அவர். பிடித்த படத்தைக் கணினியில் ஏற்றித் திருத்துவது நான். திருத்துவது என்றால் முதல் வேலை வெளுப்பது. அதற்கு நானே ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே மூச்சில் வெளுத்துவிடும். அந்தக் குறுக்குவழிக்குக் 'கலியாண நிறம்' என்று பெயர் வைத்திருந்தேன். அதன் பிறகு மச்சம், பரு, வடு எல்லாவற்றையும் கையால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன்.

வெளுக்கட்டுமா என்று யாரிடமும் கேட்பதில்லை. சலூனுக்கு வந்தவரிடம் முடி வெட்டட்டுமா என்று கேட்பது போலாகிவிடும். கலியாணப் படம், வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படம், அடையாள அட்டைப் படம், செத்த வீட்டில் மாலை போட்டு வைக்கிற படம், எதுவானாலும் ஒரே கவனிப்புத்தான். வெளுத்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே, அதே பெயரில் சேமித்துவிடுவேன். கணினியில் இடம் குறைவு. நெகட்டிவை ஆல்பத்தோடு சேர்த்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவது ஸ்டூடியோவின் வழக்கம். ஆகவே எங்களிடம் மிஞ்சியது வெளுத்தது மட்டும்தான். அதில் ஒரு பிழை இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்லித் தப்பிக்கக்கூடிய கறுப்பு அல்ல. பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் சிலர் வாசித்துச் சிரிப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. என் அடையாள அட்டைப் படத்தையும் நானேதான் வெளுத்தேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். "இது நீயா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, சிரித்தவர்களைத் திட்டிக்கொண்டே அன்றைக்கும் நாலு முகத்தை வெளுத்தேன்.

கடல் பொங்கி ஊருக்குள் வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு குடும்பம் படமெடுக்க வந்தது. கடற்கரைப் பக்கத்தில் குடியிருந்த ஒரு மாமி, அவருடைய மகள், மகன். மாமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வாவி இறாலும் நண்டும் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். கணவர் எப்போதோ ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பாமல் போனவர். மகளுக்குச் சாமத்தியச் சடங்கு முடிந்த கையோடு, சேலையும் நகையுமாகக் கூட்டி வந்திருந்தார். மகனுக்குப் பதினைந்து வயது. விடிந்தால் வாவியில் தோணியோடு நிற்பவன். அன்று வெள்ளைச் சட்டை போட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அந்தப் பெண் பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. அண்ணன் விளக்கைச் சரிபார்க்கிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்:

"அக்கா, என்னை நல்ல வெள்ளையாக்கிப் போடுங்க, என்ன? வகுப்பில காட்ட வேணும்."

"நீ சொல்லவா வேணும்?" என்றேன்.

மூன்று பேரையும் வெளுத்தேன். மகனுடைய இடது புருவத்தை ஒரு வெட்டு வடு இரண்டாகப் பிரித்திருந்தது. அதையும் துடைத்து மயிர் வரைந்து நிரப்பினேன். மிகவும் பொறுமையாகச் செய்த வேலை. அண்ணன் பார்த்துவிட்டு, வடு எங்கே என்றே தெரியவில்லை என்று மெச்சினார்.

கடல் வந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஆட்கள் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும், எனக்கும் மாறும். ஸ்டூடியோ வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம், உயிரோடு இருக்கிற யாரும் படமெடுக்க வரவில்லை. எல்லோரும் படம் கேட்டு வந்தார்கள். வீடே இல்லை என்றால் ஆல்பம் எங்கே இருக்கும்? எங்கள் கணினியில் மட்டும்தான் அந்த முகங்கள் இருந்தன. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். அண்ணன் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மாமி வந்தது ஒரு காலை நேரம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அகதியாக இருந்தார்கள். மகன் தப்பிவிட்டான். மகள் போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. மாமி அழவில்லை. படத்தை எடு என்றார். நான் தேடி எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன்.

மாமி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது எண்ட புள்ள இல்ல."

"மாமி, வடிவாப் பாருங்க. நீங்க மூண்டு பேரும் வந்து எடுத்த படம்தான்."

"சேல அவள்ட சேலதான். சங்கிலி எண்ட சங்கிலி. இந்த முகம் ஆர்ர முகம்?"

கொஞ்சம் வெளிச்சம் கூட்டினது, வழமையாகச் செய்கிறதுதான், அவள்தானே கேட்டாள் என்று ஏதேதோ உளறினேன். அவள் காதோடு சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அவள் சின்னப் புள்ள, கேப்பாள்," என்றார் மாமி. "நீ வளந்தவள்தானே."

இத்தனை வருடத்தில் என்னை அதற்குமேல் யாரும் திட்டியதில்லை.

பழைய படத்தை எடு என்றார். இல்லை என்றேன். நெகட்டிவ் உங்களிடம்தான் தந்தோம் என்றேன். அது எங்கே போயிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாமி கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப அவளத் திரும்பக் கறுப்பாக்கு. நான் சொல்றன், நீ செய்."

செய்தேன். நிறத்தைக் கொஞ்சம் இறக்கினேன். "இல்ல," என்றார். இன்னும் இறக்கினேன். "இல்ல. இன்னும் கொஞ்சம் கறுப்பு." இறக்கினேன். இப்போது முகம் சாம்பல் பூசியது போலாகிவிட்டது. "இது செத்த நிறம்," என்றார் மாமி. வெளுப்பது சுலபம், ஒரு பொத்தான். வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் கறுப்பு, எவ்வளவு சிவப்புக் கலந்த கறுப்பு, கன்னத்தில் ஒரு மாதிரி, கழுத்தடியில் ஒரு மாதிரி. நான் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்தவள், இவ்வளவு கிட்டத்தில். ஒன்றும் ஞாபகம் இல்லை. வெளுக்க வேண்டிய முகம் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மாமி தன் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். கையை ஒருதரம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் வெயில் பட்டது. இது மகன்ட நிறம், அவன் எந்த நேரமும் தோணியில. அவள் இந்த உள்பக்கம். இதப் பாத்துச் செய்."

நான் கமராவை எடுத்து அந்தக் கையைப் படம் பிடித்தேன். உள்பக்கம், யன்னல் வெளிச்சத்தில். அதைக் கணினியில் ஏற்றி, அந்தத் தோலில் இருந்து நிறத்தை எடுத்து, துளித்துளியாக அந்தப் பிள்ளையின் முகத்தில் வைத்தேன். மாமி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நெற்றி இன்னும். மூக்கு சரி. கண்ணுக்குக் கீழே விடு, அங்கே அவளுக்குக் கறுப்புத்தான். மேலுதட்டு மச்சம் எங்கே, வை. பகல் முழுவதும் போனது. அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மாமி "நில்லு" என்றார். திரையில் ஒரு கறுத்த பிள்ளை, வாய் ஓயாதவள், சேலைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

மாமி அப்போதுதான் அழுதார். வாய்விட்டு, நெஞ்சில் அடித்து, பேர் சொல்லி அழுதார். நானும் அழுதேன், அண்ணன் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

மாமி போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. "செத்த புள்ளைய இப்பிடியா வைக்கிற? பாக்கிற சனம் நம்மளத்தான் பேசும். உசிரோட இரிக்கக்குள்ள அதுகள் அனுபவிச்சது போதும், செத்ததுகளையாவது வடிவா வைப்பம் தங்கச்சி," என்றார். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. கறுப்பு என்ன, கழுவிவிட வேண்டிய அழுக்கா? அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே 'கலியாண நிறம்' குறுக்குவழியை அழித்தேன். "இனி வெளுக்கிறதெண்டா நீங்களே வெளுங்க," என்றேன். அவர் நாலு நாளில் வேறொருவரை வைத்து அதைத் திரும்பச் செய்து கொண்டார். மாதக் கடைசியில் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன், தனியாகக் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

போகும்போது அந்தக் குடும்பப் படத்தை ஒரு சீடியில் எடுத்துக்கொண்டேன். அதில் மகள் மட்டும் கறுப்பு. மாமியும் மகனும் இன்னும் வெள்ளையாகவே நின்றார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். நான் செய்த பிழைகளில் பெரியது எது என்று கேட்டால், வெளுத்ததைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

இரண்டு வருடம் கழித்து மகன் காணாமல் போனான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பழுகாமத்துக்கு வெள்ளாமை வெட்டப் போனவன். வயல் வட்டையில் கதிர் வெட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கொண்டு போனார்கள் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். யார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த வருடங்களில் கேட்கிறவர்களும் காணாமல் போனார்கள், ஆனாலும் மாமி கேட்டார். எல்லா வாசலிலும் போய் நின்று கேட்டார். பிறகு, பையன் வடக்கே, சண்டை நடக்கும் வன்னியில் இருக்கிறான் என்று யாரோ செய்தி கொண்டு வந்தார்கள். அதன் பிறகு வன்னிக்கு வழி அடைபட்டுப் போனது.

யுத்தம் முடிந்த அன்று சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். போகிற வருகிற எல்லோருக்கும் பாற்சோற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு துண்டை வாங்கு என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே நீட்டினான். எனக்குப் பசியில்லை என்றேன். ஒரு துண்டுதானே என்றான். எனக்குப் பசியில்லை என்றேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை, என்னைப் பார்த்து வைத்துக்கொண்டான். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

வன்னியில் இருந்து வந்த சனத்தை வவுனியாப் பக்கம் முள்ளுக்கம்பி முகாம்களில் வைத்திருந்தார்கள். மாமி மகனைத் தேடிப் போனார். அந்தக் கிழமை நான் வாகரையில் ஒரு வேலையில் நின்றேன். மாமி என் வீட்டுக்கு வந்து, கதவு பூட்டியிருக்கக் கண்டு, பொறுக்க முடியாமல் பழைய ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். அங்கே அண்ணன், பாவம், உடனேயே தேடி, மகனை மட்டும் தனியாக வெட்டி, பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். அதைக் கொண்டு மாமி பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். கம்பி வேலிக்கு வெளியே நின்று, உள்ளே நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டினாராம். ஒரு பெண் யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்கள் சிலருக்கு அடுத்த பதுங்குகுழியில் இருந்தவள் என்று கேள்விப்பட்டு, அவளைத் தேடிப் பிடித்துக் காட்டினாராம். அவள் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இப்படி வெள்ளையாக ஒருவரும் எங்களோடு இருக்கவில்லை அம்மா என்றாளாம்.

மாமி அந்தப் படத்தைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வெள்ளைக்காரப் பொம்மை என்னைப் பார்த்தது. புருவம் இரண்டும் ஒழுங்காக, முழுசாக இருந்தன. வடு எங்கே என்றே தெரியவில்லை.

சீடியைத் தேடி எடுத்தேன். மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சட்டைக் கையைத் தள்ளினார், இந்த முறை முழங்கையின் வெளிப்பக்கத்தை வைத்தார். நான் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, "மாமி, நீங்க சொல்றதப் பதியவா? நாளைக்கு நான் மறந்து போகக்கூடாது," என்றேன். "பதி," என்றார். அந்த நாள் முழுக்க மாமியின் குரல் அதில் இருக்கிறது. "இல்ல. இன்னும் கொஞ்சம் கறுப்பு. கழுத்து இன்னும். புருவத்தில அந்த வெட்டு, அதில்ல, இன்னும் மேல. சின்னதில தோணி விளிம்பில அடிபட்டவன். இன்னும் கொஞ்சம். நில்லு."

புருவத்தில் இருந்த வடுவை நான் திரும்பக் கீறினேன். நான்தான் துடைத்தேன், நான்தான் கீற வேண்டும்.

மறுமுறை நானும் கூடப் போனேன். இரண்டு கிழமை கழிந்திருந்தது. அதே வேலி, அதே பெண். புதிய படத்தைக் காட்டியவுடன் கம்பிக்குள்ளால் விரலை விட்டுத் தொட்டாள்.

"இந்தத் தம்பியோ? புருவத்தில வெட்டு உள்ளவர். எங்களுக்குத் தண்ணி அள்ளித் தந்தவரெல்லோ! எங்களோடதான் கடைசியில கடலேரித் தண்ணிக்குள்ளால நடந்து ஆமியிட்ட வந்தவர். ஆம்பிளையள வேற பஸ்சில ஏத்தினவங்கள்." பிறகு அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அம்மா, அண்டைக்கு நீங்கள் காட்டினது வேற ஆளின்ர படமெல்லோ?"

அவனோடு ஒரே பஸ்ஸில் ஏறிய ஒரு பெரியவர் போன கிழமை வரை இந்த முகாமில் இருந்தாராம். பஸ் எங்கே போனது, யார் யாரை எங்கே இறக்கினார்கள் என்று சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான். மூன்று நாள் முன்பு அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. நாங்கள் அவரைப் பல மாதம் தேடினோம். கிடைக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நான் சத்தம் வராமல் அழுதேன். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பொலநறுவை தாண்டிய பிறகு வாய் திறந்தார்.

"அழாத புள்ள. நீ அழுதா உன்னையும் நான்தான் ஆத்த வேணும். எனக்கு ஒண்ணாது." பிறகு, "தண்ணிக்குள்ளால நடந்து வந்திரிக்கான். கரைக்கு வந்திரிக்கான். அது தெரிஞ்சிட்டுத்தானே," என்றார்.

அன்றிலிருந்து எந்த முகத்துக்கும் ஒரு துளி வெளிச்சம் நான் கூட்டியதில்லை. கலியாண வீடுகள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தின. நிவாரணக்காரர்கள் வந்து அழுகிற முகம் வேண்டும் என்றார்கள். நான் கைகளைப் படமெடுத்தேன். வாவியின் இரண்டு கரையிலும், பிள்ளையைத் தேடுகிற தாய்மாரின் முழங்கைகளை, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பிள்ளை எந்தப் பக்கத்து நிறம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குரலைப் பதிந்தேன். ஒருவரும் யோசிக்கவே இல்லை, கையைத் திருப்பிக் காட்டினார்கள். இதைக் கலை என்று பிறகு மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

கொழும்பு மண்டபத்தில் வைத்தது இவைதான். சுவர் நிறையக் கைகள். நடுவில் ஒரு திரை. அதில் ஒரு வெள்ளை முகம் மெல்ல மெல்லக் கறுக்கும், பின்னால் மாமியின் குரல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். கடைசியில் புருவத்து வெட்டு வரும். "நில்லு" என்ற சொல்லோடு நிற்கும். மாமியைக் கேட்டுத்தான் செய்தேன். "போடு. ஆரும் கண்டவங்க இரிப்பாங்க," என்று சம்மதித்தார்.

திறப்பன்று மாமியையும் கூட்டிப் போனேன். உள்ளே போனால், திரைக்கு இரண்டு பக்கமும் பெரிய விளக்குப் பூட்டியிருக்கிறது. கைகளுக்கு மேலும் வரிசையாக விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லாக் கையும் வெளிறிப் போய் இருந்தது. அச்சில் கூட்ட மாட்டேன் என்றதால் பொறுப்பாளர் விளக்கில் கூட்டியிருந்தார்.

நான் ஏணி கேட்டேன். கொண்டு வந்து தரத் தயங்கினார்கள். நானே போய் இழுத்து வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் கையில் குவளையோடு பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு விளக்காகக் கழற்றினேன். பொறுப்பாளர் கீழே நின்று இறங்குங்கள், இறங்குங்கள் என்றார். முடிந்த பிறகுதான் இறங்கினேன். கொஞ்ச நேரம் எல்லோரும் தடுமாறினார்கள். பிறகு கண் பழகியது. கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஒரு கனவான் என்னிடம் வந்து, இவை தமிழர் கைகளா, முஸ்லிம்களும் உண்டா, சிங்களவர் யாராவது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் சுவரோரமாக நடந்து நடந்து பார்த்தார். அவரால் ஒன்றையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னிடம் திரும்பி வராமலே போய்விட்டார்.

மாமி திரைக்கு முன்னால் தன் குரலைக் கேட்டபடி நின்றார். மூன்று தரம் முழுவதும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு படம் எடு. தனிய."

ஊருக்குப் போய் எடுப்போம் என்றேன். இப்போதே எடு என்றார். வெறுஞ் சுவரில் சாய்ந்து நின்று தலையைக் கையால் ஒதுக்கினார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள், செத்த வீட்டுக்கு வைக்க ஒரு நல்ல படம் முன்கூட்டியே எடுத்து வைப்பதுண்டு. அதுதான் என்று நினைத்து, "ஏன் மாமி, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"செத்த வீட்டுக்கு ஆருக்கு வேணும் படம்?" என்றார். "அவன் ஒருநாள் வருவான். நான் இல்லாட்டி என்னத் தேடி உன்னட்டத்தான் வருவான். அந்தக் குடும்பப் படத்தில நானும் இன்னும் வெள்ளையாத்தானே நிக்கிறன்? அதக் காட்டாத. இதக் காட்டு. அவனுக்கு எண்ட முகம் தெரிய வேணும்."

நான் ஃபிளாஷைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அந்த இருட்டிலேயே எடுத்தேன்.